கண்டியில் ஒடிக்கப்படாத பலாக்கொம்பு

"மண்டபம் முகாம், ஜூலை 1937. ஆண் ஒருவர், பெண் ஒருவர், குழந்தை ஒன்று. மூவருக்கும் அம்மை குத்தியாயிற்று." ஆங்கிலத்தில் எழுதி ஊதா முத்திரை குத்திய ஒரு துண்டுச் சீட்டின் தமிழ் இது. தேதி இருந்த மூலை மடிப்பில் கிழிந்து போய்விட்டதால் நாள் தெரியவில்லை. ஆனி முடியப் போகும் சமயத்தில் கொல்லிமலையை விட்டு இறங்கினோம். ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரர் கோயிலில் எங்கள் ஊரே கூடியபோது நாங்கள் கண்டியில் இருந்தோம். ஆவணியில் திரும்பினோம். இவ்வளவுதான் உறுதி. சீட்டில் உள்ள ஆண் என் அப்பா. பெண் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. குழந்தை நான், அப்போது ஏழெட்டு வயது இருக்கும்.

எழுபதைத் தாண்டிய வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: நம் சிறுவயதில் யாரும் வருடம் சொல்லிப் பேசியதில்லை. மாடுகள் கோமாரியில் செத்த வருசம், கரடி ஊருக்குள் புகுந்த வருசம் என்றுதான் கணக்கு. அப்படிக் கேட்டு வளர்ந்ததால்தானோ என்னவோ எனக்குத் தேதிகள் மேல் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. கண்டி ராஜாக்களைப் பற்றியும் புத்த கோயில்களைப் பற்றியும் பிக்குகளின் ஒழுங்குகளைப் பற்றியும் பிற்காலத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பக்திக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ அல்ல. எங்கள் வீட்டில் ஒரு கேள்வி தீராமல் கிடந்தது.

அத்தைக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் முடிவதற்குள் அவர் கணவர், எனக்கு மாமா, தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணியோடு இலங்கைக்குப் போய்விட்டார். பங்காளிகளுக்குள் மிளகுக்கொடி விஷயமாகத் தகராறு என்று அம்மா சொல்வார். நான் பிறந்த வருடம் அது என்கிறார்கள் சிலர். அதற்கு முந்தின வருடம் என்கிறார்கள் வேறு சிலர். பிறகு அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அத்தை எங்கள் வளப்பூர் நாட்டிலேயே (மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) இன்னொரு ஊரிலிருந்த புகுந்த வீட்டை விட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சாமைக் காட்டில் களையெடுப்பதிலும், ஏணி சாய்த்து மிளகு பறிப்பதிலும் ஆண்கள் அவரோடு போட்டி போடமாட்டார்கள்.

1937இன் பலாப்பழக் காலத்தில் இரண்டு செய்திகள் சேர்ந்து வந்தன. பக்கத்து ஊரில் மனைவியைப் பறிகொடுத்த ஒருவர், நாலு வயதுப் பையனோடு தனியாக இருந்தவர், அத்தையைக் கேட்டு ஆள் அனுப்பினார். அத்தைக்கும் சம்மதம்தான். அந்த மனிதர் பேச்சு வந்தாலே அத்தை அடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்து ஊத ஆரம்பிப்பார். "எரியற அடுப்ப எதுக்குப் புள்ளே ஊதறே?" என்று அம்மா கேட்பார். அத்தை இன்னும் பலமாக ஊதுவார், முகம் சிவப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமென்று.

இரண்டாவது செய்தி சேந்தமங்கலத்தில் எங்களிடம் மிளகு வாங்கும் வியாபாரி சொன்னது. தோட்டத்திலிருந்து திரும்பிய அடிவாரத்துக்காரன் ஒருவன் எங்கள் மாப்பிள்ளையைக் கண்டியில் பார்த்தானாம். தலையை மழித்து, மஞ்சள் துணி சுற்றிக்கொண்டு, அரண்மனைக் கோயில் பக்கம் நடந்து போனாராம்.

எங்கள் ஊர் வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மறுமணத்துக்குத் தடையில்லை. ஆனால் முதல் கணவன் விட வேண்டும். விடுவதற்கு ஒரு முறை உண்டு. பலா மரத்தடியில் நின்று, அவன் தன் கையால் பச்சைக் கொம்பு ஒன்றை மரத்திலிருந்து ஒடித்து, பால் சொட்ட அவள் கையில் கொடுக்க வேண்டும். பெண்ணின் பிறந்த வீட்டு ஆண் ஒருவரும், அந்த வீட்டின் வயதுக்கு வராத பெண்பிள்ளை ஒருத்தியும் அருகில் நின்று பார்த்திருக்க வேண்டும். பெரியவர்கள் வேண்டியவர்களுக்காக மாற்றிச் சொல்லலாம், பிள்ளை சொல்லாது என்பது நம்பிக்கை. காய்ந்த குச்சி செல்லாது. செல்லாதது மட்டுமல்ல, பாலில்லாத குச்சியை ஒருத்தன் மனைவிக்குக் கொடுத்தால், உன் வயிறும் உன் வீடும் இப்படிக் காய்ந்து போகட்டும் என்று அர்த்தம். கணவன் செத்த செய்தி வந்தால் வேறு. செய்தியும் வராமல் கொம்பும் ஒடியாமல் இருந்தால் அவள் அவனுடைய மனைவிதான். இந்த வழக்கம் கொல்லிமலை முழுவதும் இருந்ததா என்று பின்னாளில் பல ஊர்களில் விசாரித்தேன். ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள்.

கண்டியில் முளைத்த பலா செல்லுமா என்று அப்பா ஊர்க்கவுண்டரிடம் போய்க் கேட்டார். அவர் புகையிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றி யோசித்துவிட்டு, "பலா எங்க மொளச்சா என்னப்பா, பாலு வெள்ளையாத்தானே வரும்" என்றார். அப்படியாக நான் சாட்சியாக மலையிறங்கினேன். புறப்படும் காலையில் அத்தை என் தலையில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னினார். "பாத்தது பாத்தபடி சொல்லோணும், சாமி. கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்."

மலைக்கு அப்போது ரோடு கிடையாது. மிளகு மூட்டைகள் தலைச்சுமையாக இறங்கும் ஒற்றையடிப் பாதைதான். சேந்தமங்கலத்திலிருந்து பஸ்ஸில் நாமக்கல், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் திருச்சி, பிறகு ரயில். பஸ்ஸில் மூன்று பேரும் வாந்தியெடுத்தோம். ரயிலில் கரித்தூள் கண்ணில் விழுந்து எனக்கு ஒரு கண் வீங்கியிருந்ததால் மண்டபத்தைப் பாதியாகத்தான் பார்த்தேன். முகாமில் இலங்கைக்குக் கப்பலேறுகிறவர்களின் துணிகளை வாங்கி ஆவியில் வேகவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். பினாயில் நாற்றமும் வெந்த துணி நாற்றமும் கலந்த அந்த வாடையை இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் முகர்ந்தாலும் எனக்குக் கண் கரிக்கிறது.

எழுதுகிறவர் என்ன ஜனம் என்று கேட்டார். மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் நாங்கள் சொல்லிக்கொள்ளும்படி அப்பா, "மலையாளிங்க" என்றார். அவ்வளவுதான், அவர் முகம் மலர்ந்து சரளமாக மலையாளத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும் அத்தை, "என்னங்கண்ணா கேட்டாரு?" என்றார். "என்னமோ சொந்தக்காரனாட்டம் விசாரிச்சான், நானும் எல்லாரும் சௌக்கியம்னுட்டேன்" என்றார் அப்பா. அந்தப் பயணத்தில் அத்தை வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

கண்டியில் மிளகு வியாபாரியின் தம்பி மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் வீட்டில்தான் தங்கினோம். வெங்காயமும் கருவாடும் கொப்பரையும் மணக்கும் வீடு. நாங்கள் வந்த காரியம் பாதிதான் அவருக்குத் தெரியும். மாப்பிள்ளையைத் தேடுகிறோம் என்று மட்டும் அப்பா சொல்லியிருந்தார். கொம்பு ஒடிக்கும் விஷயத்தை வெளியாளிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். கடைக்காரரோ ஊரைச் சுற்றிக் காட்டுவதில் அலாதிப் பிரியம் உள்ளவர். "ராசா ஊருக்கே வந்துட்டீங்க கவுண்டரே. அரமனையப் பாக்காம மாப்பிள்ளையப் பாத்து என்ன பண்ணப் போறீங்க?" என்று சொல்லி, அரண்மனையெல்லாம் தானே கட்டியது போல முன்னால் நடந்தார்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஏரியை ஒட்டி, அலையலையாக மேலே நெளியும் வெள்ளைச் சுவர். சுவர் முழுக்க முக்கோண ஓட்டைகள், விளக்கு வைப்பதற்காம். எட்டு மூலையுள்ள மண்டபம் ஒன்று அகழி மேல் நின்றது. அகழியில் ஆமைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வாசற்படியில் அரைவட்டமாக ஒரு கல், அதில் வரிசையாகச் செதுக்கிய பூக்கள். காலை வைப்பதா தாண்டுவதா என்று தெரியாமல் நான் நின்றுவிட்டேன். ராஜா கொலு வீற்றிருந்த மண்டபத்தில் மரத்தூண்கள். தாமரையும் கொடியும் செதுக்கிய ஒரு தூணில் அப்பா நகத்தால் லேசாகச் சுரண்டி முகர்ந்து பார்த்தார். காவலாள் அதட்டினான். "பலா இல்ல" என்றார் அப்பா எங்களிடம், ஏதோ முக்கியமான ஒன்றைத் தீர்மானித்துவிட்டவர் மாதிரி.

"ராசா எங்கீங்க?" என்று நான் கேட்டேன்.

"ராசாவா? அவர நம்ம பக்கம் வேலூருக்கு ஓட்டிட்டுப் போயிட்டாங்க கண்ணு, வெள்ளக்காரங்க" என்றார் கடைக்காரர். அது சரிதான். 1815இல் பிடிபட்டார், மறு வருடம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள், 1832இல் அங்கேயே இறந்தார். அப்பா சிறிது யோசித்து, "அவங்க ராசா அங்க, நம்ம மாப்பிள்ள இங்க. கொள்வினை கொடுப்பினை சரியாப் போச்சு" என்றார். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கோயிலுக்குள் புத்தரின் பல்லை வைத்துப் பூசிக்கிறார்கள். மத்தளம் காதைப் பிளக்கும்போது மேல்மாடிக் கதவு திறக்கும். யானைத் தந்தங்களுக்கு நடுவே, மணியைக் கவிழ்த்தது போன்ற தங்கப் பேழை ஒன்று விளக்கு வெளிச்சத்தில் தெரியும். வெள்ளைச் சேலைப் பெண்கள் தட்டில் தாமரையும் அரளியும் ஏந்தி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். பூவும் தேங்காயெண்ணெய்ப் புகையும் ஈரத்துணியும் கலந்த வாசனை. அவ்வளவு பேரும் பேழையைப் பார்த்து நிற்க, அத்தை மட்டும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உள்ளே வருகிற ஒவ்வொரு பிக்குவின் முகத்தையும் பார்த்தார். ஒரு கிழவி அத்தையின் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டாள். அத்தை மறுபடி வாசலைப் பார்த்துத் திரும்பினார். கடைக்காரருக்கு அவமானமாகிவிட்டது. "அம்மிணி, சாமி அந்தப் பக்கம் இருக்குதுங்க" என்று கெஞ்சினார்.

இப்படி எத்தனை நாள் போனோம் என்று எனக்குத் தெரியாது. கண்டியின் இரண்டு பெரிய மடங்களுக்கும் போனோம். எங்கும் அவர் இல்லை. அந்த மடங்களில் அக்காலத்தில் அந்த நாட்டின் குறிப்பிட்ட ஒரு சமூகத்தாருக்கு மட்டுமே துறவு கொடுத்தார்கள் என்று பின்னால் படித்தேன். ஆக, நாங்கள் தேடிய இடமே தப்பு. எனக்கு அலுப்பில்லை. கடைக்காரர் எனக்கு அரக்கு வேலை செய்த ஒரு குங்குமச் செப்பு வாங்கிக் கொடுத்திருந்தார், சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் வளையம் வளையமாக. திருகினால் கீச்சென்று கத்தும். எப்போது தொலைத்தேன் என்று நினைவில்லை. அப்படிப்பட்ட ஒன்றை மறுபடி எந்தக் கடையிலும் நான் பார்க்கவில்லை.

கடைசியில் கடைக்காரர் ஒரு தகவல் கொண்டுவந்தார். ஆற்றுக்கு அப்பால் ஒரு குகைக் கோயிலில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்த துறவி ஒருவர் இருப்பதாகக் கருவாட்டு வண்டிக்காரன் சொன்னான். அந்தக் கோயிலின் பெயர் எனக்குத் தெரியாது. வரைபடங்களைப் பார்த்து இரண்டு இடங்களாக ஒடுக்கி வைத்திருக்கிறேன்.

மாட்டுவண்டியில் போனோம். வழியில் கடைக்காரர் ஒரு மரத்தைக் காட்டி, இங்கே எங்கு பார்த்தாலும் பலாதான் என்றார். அப்பா இலையைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அது ஈரப்பலா, இலை கையை விரித்தது போல இருக்கும், எங்கள் பலா அல்ல. அத்தையின் முகம் வாடியது. ஆனால் குகை இருந்த பாறைக்கு ஏறும் படிகளின் ஓரத்தில் நிஜமான பலா ஒன்று, அடிமரத்திலிருந்தே காய் விட்டு நின்றது. அப்பா அதன் பட்டையை உள்ளங்கையால் தட்டினார், சந்தையில் மாட்டைத் தட்டுவது போல.

குகைக்குள் ஒரு பெரிய புத்தர் படுத்துக் கிடந்தார். தலையிலிருந்து பாதம் வரை நடந்து போனால்தான் முழுசாகப் பார்க்க முடியும். கூரைப் பாறை முழுக்கச் சிவப்புத் தாமரைகள். சுவரில் ஒரு அரண்மனையை எழுதியிருந்தார்கள். திரைச்சீலைகள், தூண்கள், கட்டிலில் ஒரு பெண்ணும் குழந்தையும் தூங்குகிறார்கள். வாசற்படியில் மகுடம் வைத்த ஒருவன் ஒற்றைக் காலை வெளியே வைத்தபடி திரும்பிப் பார்க்கிறான். வெளிச்சம் போதாததால் அத்தை சுவருக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"இது யாருங்க?"

"இவருதானுங்க புத்தரு. ராசாவூட்டுப் புள்ள. பொண்டாட்டி புள்ள தூங்கறப்ப எந்திரிச்சுச் சாமியாராப் போயிட்டாரு."

"எழுப்பிச் சொல்லலீங்களா?"

"சொன்னா உடுவாளுங்களா அம்மிணி?"

"கேட்டுப் பாத்திருக்கலாமில்லீங்க" என்றார் அத்தை.

குகைக்கு வெளியே ஒரு பெரிய மண்பானையில் மரச் சீவல்கள் கொதித்துக்கொண்டிருந்தன. வாசனையை வைத்தே எனக்குத் தெரிந்தது, பலாமரத்து வைரம். அந்தச் சாயத்தில்தான் அவர்கள் துணியை முக்குகிறார்கள். எங்கள் வீட்டு உரலின் நிறம். முதிய பிக்கு ஒருவர் கடைக்காரரிடம் ஏதோ பேசினார். தமிழ்நாட்டுப் பக்கத்தவர் ஒருவர் உண்டு, ஆனால் இங்கே வந்த பிறகு பழைய பெயரும் ஊரும் கிடையாது, அவராகச் சொன்னால்தான் உண்டு என்றாராம். அந்தச் சமயத்தில் வண்டிமாடு அவிழ்த்துக்கொண்டது என்று கீழேயிருந்து கத்தினார்கள். கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினார். முதியவரும் உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் அந்தத் துறவி ஈரத்துணியைக் காயப் போட வந்தார். ஒல்லியான ஆள். மழித்த தலை. இரண்டு காது மடலிலும் ஓட்டை. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார், அல்லது படி வழுக்கியதால் அப்படி நடந்தார். அப்பா முன்னால் போய், "மாப்பிள்ளே" என்றார்.

அவர் நின்றார். அத்தை முந்தானையிலிருந்து வெற்றிலைச் சுருள் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அவர் வாங்கவில்லை. தோளில் இருந்த சிறிய துணியை எடுத்துப் பாறைமேல் விரித்து, அதில் வைக்கும்படி காட்டினார். அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. அத்தை வைத்தார்.

"உங்ககிட்ட சண்டைக்கு வரலீங்க" என்று அப்பா ஆரம்பித்தார். "போனது போகட்டும். எந்தங்கச்சிக்கு ஒரு எடம் வந்திருக்குது. இந்தப் பலாவுல ஒரு கொம்ப ஒடிச்சு அவ கையில குடுத்துருங்க. நாங்க கீழ எறங்கிப் போயிர்றோம். இந்தப் புள்ள சாட்சி."

துறவி குனிந்த தலையோடு கேட்டார். பிறகு மரத்தைப் பார்த்தார். ஒரு தாழ்ந்த கிளை அவர் முகத்துக்கு நேரே இருந்தது, கையைத் தூக்கக்கூட வேண்டியதில்லை. அவர் தலையை மெதுவாக இடமும் வலமும் அசைத்தார். அத்தை ஏந்திய கையை இறக்கவில்லை. துறவி மரத்தைச் சுற்றிப் போய், தரையில் எதையோ தேடினார். விழுந்து கிடந்த ஒரு காய்ந்த குச்சியை எடுத்தார். விரல் நீளம் இருக்கும், நுனியில் ஒரு பழுப்பிலை. அதை வெற்றிலைக்குப் பக்கத்தில், துணியின்மேல் வைத்துவிட்டு, இரண்டடி பின்வாங்கி நின்றார்.

அப்பா அத்தையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னால் ஓடினேன். குச்சி துணியின்மேலேயே கிடந்தது.

வண்டியில் விஷயம் முழுவதையும் கேட்ட கடைக்காரர், "உட மாட்டேங்கறாரா? மஞ்சத் துணி கட்டுனாலும் ஆம்பளதானுங்களே" என்றார். அந்தத் துறவிகளின் ஒழுங்கு என்ன ஏது என்று அவருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் வெங்காயமும் மிளகாயும்.

அப்பா அத்தையைப் பார்த்து, "அவந்தானே?" என்றார்.

"எனக்கு அவரு குடுமிதானுங்கண்ணா ஞாபகம்" என்றார் அத்தை.

"அவனாட்டமே காலை இழுத்து நடக்கறதப் பாத்தியில்ல? காதுல ஓட்டையப் பாத்தியில்ல? அட, அதெல்லாம் கெடக்கட்டும். அவன் இல்லீன்னா எதுக்குக் காஞ்ச குச்சியத் தேடி எடுக்கறான்? நம்ம மொறை தெரிஞ்சவன்தானே அந்தச் சாபத்தக் குடுப்பான்?"

மழை கூரைப் பாயில் அடித்துக்கொண்டே வந்தது. ஊர் திரும்பும் வரை அத்தை என்னிடம் எதையும் மாற்றிச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருக்கலாம். பச்சைக் கொம்பு ஒன்றை வழியில் எந்தப் பலாவிலும் ஒடித்திருக்கலாம். மூன்று பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லையா, தோன்றியும் சொல்லவில்லையா என்பது எனக்குத் தெரியாது.

கடல் கடந்து வந்தவர்கள் என்பதால் ஊர்க்கவுண்டர் மஞ்சள் தண்ணீர் தெளிக்கும் வரை ஊருக்கு வெளியே களத்துக் குடிசையில் இருந்தோம். பிறகு ஊர் கூடியது. அத்தையைக் கேட்டவரும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார், மடியில் அந்தப் பையன். என்னை நடுவில் நிறுத்தினார்கள்.

"அந்தச் சாமியாரு மரத்தப் பாத்தாரா, கண்ணு?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"பாத்தாருங்க."

"ஒடிச்சாரா?"

"இல்லீங்க."

"என்ன பண்ணுனாரு?"

துறவி ஆட்டியது போலவே மெதுவாகத் தலையை ஆட்டிக் காட்டினேன். இரண்டு பையன்கள் சிரித்தார்கள். யாரோ அவர்கள் தலையில் தட்டினார்கள்.

"பொறவு?"

"காஞ்ச குச்சி ஒண்ணு எடுத்து வெச்சாருங்க."

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி தன் குழந்தையை இழுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். சாமியாராகப் போனவனுக்குப் பெண்டாட்டி எதற்கு, போனதே விட்ட மாதிரிதானே என்று ஒரு கிழவர் மட்டும் வாதாடினார். அவர் எப்போதும் எதிர்க்கட்சி பேசுகிறவர் என்பதால் ஒருவரும் காது கொடுக்கவில்லை. சாபம் விழுந்தவளைக் கட்டினால் கட்டியவன் வீடும் காயும் என்ற பேச்சு ஒரு மூலையில் தொடங்கி எல்லா மூலைக்கும் போனது. ஓரமாக உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார். தை மாதத்தில் தின்னனூர் நாட்டுப் பக்கம் பெண் எடுத்தார் என்று கேள்விப்பட்டோம்.

அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்தார். அன்றைய என் சாட்சியில் திருத்த வேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றும் நடந்தது. அந்தப் பிரயாணத்தில் எழுத்தறியாமல் பட்ட பாடு போதும் என்று அப்பா மறு வருடம் என்னைச் சேந்தமங்கலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அப்படித்தான் நான் படிக்க வந்தேன்.

படித்ததில் ஒன்று, 1959இல், பிக்குகளின் ஒழுங்குகளைப் பற்றிய ஒரு பழைய நூலில் கண்டது. முளைத்து நிற்கும் பச்சை எதையும் அவர்கள் கையால் ஒடிக்கக் கூடாது, பறிக்கக் கூடாது. பெண்கள் கொடுப்பதைக் கைக்குக் கை வாங்காமல், துணி விரித்து அதில் வாங்குவார்கள். தானாக விழுந்ததைத் தொடலாம். விழுந்த இலையைப் புனிதமாக எண்ணிக் கேட்டு வருகிற யாத்திரிகர்களுக்கு எடுத்துக் கொடுப்பதும் உண்டு. படித்த வாரமே மலையேறினேன்.

அத்தைக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். வாசலில் பாய் விரித்து மிளகு காய வைத்துக்கொண்டிருந்தார். அப்பா இறந்து மூன்று வருடமாகியிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப மாட்டேன்னு தலையாட்டலையா?"

"ஒடிக்கக் கூடாதுன்னு ஆட்டியிருக்காருங்க அத்தை."

"அந்தக் காஞ்ச குச்சி?"

"கீழ உழுந்தத எடுத்துக் குடுக்கலாமாம். அவரால முடிஞ்சது அதுதான்."

அத்தை மிளகைக் கையால் துழாவினார். கல் ஒன்றைப் பொறுக்கி எறிந்தார்.

"அப்ப அன்னைக்கே உட்டுட்டாரு" என்றார்.

அவர் பாயின் மறு ஓரத்துக்கு நகர்ந்து, அந்தப் பக்கத்து மிளகையும் கிளறிவிட்டுச் சொன்னார்: "அது அவரா இருந்தா."

அவராக இருந்தால் அந்தக் குச்சி விடுதலை. அவராக இல்லாமல், தமிழே தெரியாத வேறு ஒருவராக இருந்தால், மரத்தைக் காட்டிக் கையேந்தி நிற்கும் பெண்ணுக்கு ஒரு இலையை எடுத்துக் கொடுத்த நல்ல மனிதர், அவ்வளவுதான். காய்ந்த குச்சியைத் தேடி எடுத்ததால் அவர்தான் என்று அப்பா சொன்ன காரணம் இனி எந்தப் பக்கத்துக்கும் உதவாது. காது ஓட்டை அந்தக் காலத்தில் அந்த நாட்டிலும் எத்தனையோ ஆண்களுக்கு இருந்தது.

நான் ஒடுக்கி வைத்திருந்த இரண்டு கோயில்களுக்கும் கடிதம் எழுதினேன். ஒன்றிலிருந்து மட்டும் பதில் வந்தது. துறவு ஏற்றவர்களின் புதுப் பெயர்தான் தங்களிடம் உண்டு, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சிலர் இருந்திருக்கலாம், அந்தக் காலத்துப் பெரியவர்கள் இப்போது இல்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். கடைக்காரர் குடும்பம் கண்டியை விட்டு எப்போதோ போய்விட்டிருந்தது. முதலில் செய்தி கொண்டுவந்த அடிவாரத்துக்காரன் யாரென்று மிளகு வியாபாரியின் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

அத்தை 1981 மார்கழியில் காலமானார். பூவும் மஞ்சளும் வைத்து எடுப்பதா கூடாதா என்று ஊரில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, வைத்தே எடுத்தார்கள்.

1937 ஆடி மாதத்தில், கண்டிக்கு அப்பால் ஒரு குகைக் கோயிலின் பலா மரத்தடியில் நின்றவர் என் அத்தையின் கணவர்தானா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.